பாம்புச் சட்டை: ஒரு ரத்த ரிப்போர்ட்டும் அதுல மாட்டின புரதமும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

வழக்கமா இங்க வேலை, சம்பளம், கோடு, இன்டர்வியூ இதெல்லாம்தான் பேசுவோம். இன்னிக்கு ஒரு புரதத்தப் பத்திப் பேசப் போறேன். ஒரு வைரஸோட மேல்தோல்ல இருக்கிற புரதம். வைரஸே இல்லாம அந்தப் புரதத்த மட்டும் எப்படித் தயாரிக்கிறாங்க, அத வெச்சு என்ன பண்றாங்க, அது எங்க வீட்டுக்குள்ள வந்து என்ன கலாட்டா பண்ணுச்சுன்னு சொல்றேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதுறவன். அதனால இத மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. ஒரு ரிப்போர்ட்ட ஒழுங்காப் படிக்கக் கத்துக்கிட்ட ஒருத்தனோட கதைன்னு எடுத்துக்கங்க.

கதை என் பெரியம்மா பையனோடது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "பேரு மட்டும் வேணாம் தம்பி"ன்னார். அதனால அண்ணன்னே சொல்றேன்.

அண்ணன் காட்டுப்பள்ளியில வெல்டர். காட்டுப்பள்ளி தெரியாதவங்களுக்கு: எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கிழக்குல கடல், மேற்குல பக்கிங்காம் கால்வாய், நடுவுல ஒரு நீளமான மணல் திட்டு. அப்படியே வடக்கே போனா பழவேற்காடு. ஒரு காலத்துல குப்பம், சவுக்குத் தோப்பு, தாழம்புதர், இறால். இப்போ துறைமுகம், கப்பல் கட்டுற தளம், கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை. தளத்துக்காக எங்க ஆளுங்க குப்பமே இடம் மாறுச்சு. வலை இழுத்த வீட்டுப் பையன் வெல்டிங் கத்துக்கிட்டு அதே இடத்துக்குக் காண்ட்ராக்ட்ல வேலைக்குப் போனார்.

போன வருஷம் அவருக்கு வளைகுடா நாட்டுல ஒரு கப்பல் பட்டறையில வேலை கிடைச்சுது. இங்க வாங்குறதப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதுக்கு மெடிக்கல் எடுக்கணும். எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. ஒரே ஒரு வரிதான் பிரச்சனை. "எச்பிஎஸ்ஏஜி: ரியாக்டிவ்." கீழே "அன்ஃபிட்."

அன்னிக்கு ராத்திரி எனக்கு போன். "தம்பி, மஞ்சக்காமாலைல பி-ன்னு ஒண்ணு இருக்காம். அது எனக்கு வந்துருச்சாம். நீ கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு. கொயந்தைக்கும் வந்துருக்குமா?"

குழந்தைக்கு அப்போ எட்டு மாசம்.

அடுத்த நாள் நான் போறதுக்குள்ள வீட்டுல எல்லாம் மாறியிருந்துச்சு. பெரியம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வெச்சிட்டாங்க. டம்ளர் மாறிடக் கூடாதுன்னு அடியில நகப்பூச்சுல ஒரு சிவப்புப் பொட்டு. அண்ணி குழந்தையத் தூக்கிட்டு உள் ரூம்ல. அண்ணன் திண்ணையில. யாரும் யாரையும் திட்டல. ஆனா அண்ணன் குழந்தைய நோக்கிக் கைய நீட்டுறதும், பாதியில நிறுத்திக்கிறதும், அத நான் பார்த்தேன்.

பெரியம்மா அம்மியில கீழாநெல்லி அரைச்சிட்டிருந்தாங்க. "மோர்ல கலந்து வெறும் வயித்துல ஒரு மாசம். எங்க அப்பாவுக்கு இதுலதான் போச்சு." கீழாநெல்லிய ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப வருவோம்.

அந்த அஞ்சு எழுத்து என்ன?

எச்பிஎஸ்ஏஜின்னா ஹெபடைடிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிஜென். ஹெபடைடிஸ் பி வைரஸோட மேற்பரப்புப் புரதம். கவனிங்க: வைரஸ் இல்ல. வைரஸோட மேல் உறை.

இதக் கண்டுபிடிச்ச கதையே விசித்திரம். பாரூக் பிளம்பர்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. அவர் மஞ்சள் காமாலையத் தேடவே இல்ல. மனுஷங்க ரத்தம் ஊருக்கு ஊர் எப்படி வித்தியாசப்படுதுன்னு பார்த்துட்டிருந்தார். 1963-ல, ஹீமோஃபிலியாவுக்காகப் பல தடவ ரத்தம் ஏத்திக்கிட்ட ஒருத்தரோட ரத்தமும், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தமும் சேரும்போது ஒரு கோடு விழுந்துச்சு. இதுல இருக்கிற ஏதோ ஒண்ண, அதுல இருக்கிற எதிர்ப்புப் பொருள் அடையாளம் கண்டுக்குது. அந்த "ஏதோ ஒண்ணு"க்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென்னு பேர் வெச்சாங்க. அது ஹெபடைடிஸோட சம்பந்தப்பட்டதுன்னு தெரிய இன்னும் சில வருஷம் ஆச்சு. 1976-ல அவருக்கு நோபல். ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம் இல்லையா? அது அவரோட பிறந்தநாள்.

அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென்தான் அண்ணன் ரிப்போர்ட்ல இருந்த எச்பிஎஸ்ஏஜி.

எங்க ஊர்ல சவுக்குத் தோப்புல விளையாடி வளர்ந்த யாருக்கும் இது புரியும்: பாம்புச் சட்டை. சருகுக்குள்ள பாம்பு உரிச்சுப் போட்ட தோல் கிடக்கும். முதல்ல பார்க்குறவன் "பாம்பு!"ன்னு கத்துவான். ஆனா அது சட்டை. பாம்பு இந்தப் பக்கம் இருக்குன்னு அது சொல்லும். ஆனா அது கடிக்காது.

ஹெபடைடிஸ் பி-யும் இப்படித்தான் சட்டைய உரிச்சுப் போடுது. அதுவும் கணக்கில்லாம. முழு வைரஸோட விட்டம் 42 நானோமீட்டர். உள்ளே மரபணு, மேல உறை. அதோட கூடவே, உள்ளே ஒண்ணுமே இல்லாத வெறும் உறை, 22 நானோமீட்டர் உருண்டைகளா ரத்தத்துல மிதக்கும். ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம், சில பேருக்கு லட்சம் வெறும் சட்டை. உடம்போட பாதுகாப்புப் படை சட்டையத் துரத்திட்டிருக்கும்போது பாம்பு தப்பிச்சிடும்.

சட்டைய மட்டும் தைக்க முடியுமா?

பிளம்பர்க்குக்கும் அவரோட வேலை பார்த்த இர்விங் மில்மனுக்கும் ஒரு யோசனை வந்துச்சு. வெறும் சட்டைய ஆரோக்கியமானவங்களுக்குக் காட்டிட்டா? உடம்பு பாம்பப் பார்க்காமலே பாம்ப அடையாளம் கத்துக்குமே.

1981-ல அமெரிக்காவுல முதல் தடுப்பூசி வந்துச்சு. ஆனா சட்டைக்கு எங்க போறது? நோயாளிங்க ரத்தத்துலேர்ந்துதான் பிரிச்சாங்க. பல கட்டமா ரசாயனத்துல சுத்தம் பண்ணினாங்க. பாதுகாப்பானதுதான். ஆனா அது எய்ட்ஸ் பயம் பரவின நேரம். யாரோ ஒருத்தர் ரத்தத்துலேர்ந்து எடுத்தத உடம்புல ஏத்திக்க ஜனங்க தயங்கினாங்க. இன்னொரு சிக்கல்: தடுப்பூசி வேணும்னா நோயாளி வேணும். எல்லாருக்கும் நோய் வராம பண்ணிட்டா தடுப்பூசி செய்ய ரத்தமே கிடைக்காது!

இங்கதான் ரீகாம்பினன்ட் தொழில்நுட்பம் வருது. நம்ம பாஷையில சொல்றேன். இந்த வைரஸோட மொத்த மரபணுவே சுமார் 3,200 எழுத்து. நம்ம ஆளுங்க எழுதுற ஒரு கான்ஃபிக் ஃபைல் இதவிடப் பெருசா இருக்கும். அதுல சட்டைக்கான முக்கியப் புரதம் 226 அமினோ அமிலம். ஒரு அமினோ அமிலத்துக்கு மூணு எழுத்து, ஆக எழுநூறுக்கும் குறைவான எழுத்து. அந்த ஒரு ஃபங்ஷன மட்டும் காப்பி பண்ணி வேற ஒரு உயிர்கிட்ட குடுக்கிறோம். மீதி ஃபைல் குடுக்கவே இல்ல. அதனால வைரஸ் உருவாக வழியே கிடையாது.

எந்த உயிர்? ஈஸ்ட். பேக்கரியில மாவு உப்பறதுக்குப் போடுறது. 1982-ல ஈஸ்ட்டுக்குள்ள இந்தப் புரதம் செஞ்சு காட்டினாங்க. செஞ்சதோட இல்லாம, அந்தப் புரதங்க தானாவே கூடி 22 நானோமீட்டர் உருண்டையா நின்னுச்சு. தையல்காரன் துணி மட்டும் வெட்டிக் குடுத்தா அதுவே சட்டையாச் சேர்ந்துக்குற மாதிரி. 1986-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. மனுஷங்களுக்குப் போட அனுமதிச்ச முதல் ரீகாம்பினன்ட் தடுப்பூசி அதுதான்.

நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு?

எண்பதுகளோட கடைசியில, தொண்ணூறுகளோட ஆரம்பத்துல இந்தியாவுல இந்த ஊசி இறக்குமதி. ஒரு டோஸே சாதாரண குடும்பத்துக்குத் தாங்காத விலை. ஹைதராபாத்ல வரபிரசாத் ரெட்டின்னு ஒருத்தர். உயிரியல் படிச்சவர் இல்ல, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். வெளிநாட்டுல தொழில்நுட்பம் கேட்டப்போ அவமானப்படுத்தி அனுப்பினாங்கன்னு அவரே பல இடத்துல சொல்லியிருக்கார். 1993-ல சாந்தா பயோடெக்னிக்ஸ் ஆரம்பிச்சார். சாந்தா அவங்க அம்மா பேர். 1997-ல ஷான்வாக்-பி வந்துச்சு, இந்தியாவுல உருவான முதல் ரீகாம்பினன்ட் தடுப்பூசி. அதுக்கப்புறம் போட்டி வந்து விலை விழுந்துட்டே போய், யுனிசெஃப் மாதிரி அமைப்புகள் ஒரு டாலருக்கும் கீழ வாங்குற நிலைக்கு வந்துச்சு.

அவங்க பயன்படுத்தினது பிக்கியா பாஸ்டோரிஸ்ங்கிற ஈஸ்ட். அதுக்கு ஒரு வித்தியாசமான குணம்: மெத்தனால் சாப்பிடும். மெத்தனால் கண்டா ஒரு ஜீன் முழு வேகத்துல ஓடும். நம்ம 700 எழுத்த அந்த ஜீனோட சுவிட்ச்சுக்குப் பின்னாடி சொருகிடுவாங்க. முதல்ல ஈஸ்ட்ட நல்லா வளர விட்டுட்டு, தொட்டி நிறைஞ்சதும் மெத்தனால் விட்டா, அது பாட்டுக்குச் சட்டை தைக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் ஈஸ்ட்ட உடைச்சு, புரதத்தப் பிரிச்சு, அலுமினியம் உப்போட சேர்த்தா ஊசி மருந்து ரெடி.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டுல அரசுத் தடுப்பூசித் திட்டத்துல ஹெபடைடிஸ் பி 2007-08 வாக்குலதான் பரவலா வந்துச்சு. 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியா பென்டாவேலன்ட் வந்துச்சு, அதுலயும் இது உண்டு. அப்போ தொண்ணூறுகள்ல பிறந்த நாம? தனியார் டாக்டர்கிட்ட காசு குடுத்துப் போட்டிருந்தா உண்டு. இல்லன்னா இல்ல. இத கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பாதிப் பேருக்குப் போட்டாங்களா இல்லையான்னே தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க அம்மாவும் "ஏதோ போட்டாங்கடா"ன்னுதான் சொல்றாங்க.

எல்லா வைரஸ் சட்டைக்கும் ஈஸ்ட் போதுமா?

இந்தக் கேள்விக்காகவே ரெண்டு நாள் ராத்திரி உக்காந்து படிச்சேன். வைரஸோட மேற்பரப்புப் புரதங்கள் பெரும்பாலும் கிளைக்கோபுரோட்டீன். அதாவது சர்க்கரைச் சங்கிலிங்க ஒட்டின புரதம். அந்தச் சர்க்கரை வைரஸோட ஜீன்ல எழுதியிருக்காது. எந்த செல்லுக்குள்ள புரதம் தயாராகுதோ அந்த செல் தன் பழக்கப்படி ஒட்டி விடும். ஒரே சோர்ஸ் கோடு, வேற வேற கம்பைலர், வேற வேற அவுட்புட்.

ஹெபடைடிஸ் பி-யில நமக்கு அதிர்ஷ்டம். மனுஷ செல்லுல அந்தப் புரதத்தோட 146-வது இடத்துல சர்க்கரை ஒட்டும். ஈஸ்ட் அத ஒட்டுறதில்ல. ஆனாலும் உடம்புக்கு அடையாளம் கத்துக்க அந்த வடிவம் போதுமா இருந்துச்சு.

எச்ஐவி-யில அப்படி நடக்கல. அதோட வெளிப்புரதத்துக்கு எடையில பாதி சர்க்கரை. சர்க்கரை மாறினா முகமே மாறிடும். கொரோனாவோட ஸ்பைக்ல ஒவ்வொரு இழைக்கும் 22 இடத்துல சர்க்கரை. அதனால ஆய்வுக்கூடங்கள்ல முழு ஸ்பைக் வேணும்னா மனுஷ செல், வெள்ளெலி செல், பூச்சி செல்லுன்னு போவாங்க.

பூச்சின்னா எந்தப் பூச்சி தெரியுமா? படைப்புழு. 2018-ல இந்தியாவுக்குள்ள வந்து பெரம்பலூர் பக்கமெல்லாம் மக்காச்சோளத்த மொட்டையடிச்சுதே, அதே இனம். அதோட சூலகத் திசுவுலேர்ந்து பல வருஷம் முன்னாடியே அமெரிக்காவுல எடுத்து வளர்த்த செல் வகைக்கு எஸ்எஃப்-9னு பேரு. புனேவுல சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிச்ச கோவோவாக்ஸோட ஸ்பைக் புரதம் அந்த செல்லுலதான் செய்யறாங்க. கோர்பிவாக்ஸுக்கு ஸ்பைக்ல ஒரு துண்டு போதும்ங்கிறதால திரும்ப நம்ம பிக்கியா ஈஸ்ட். 2022 மார்ச்லேர்ந்து 12 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல்லயே போட்டாங்களே, அதுதான் கோர்பிவாக்ஸ். ஹெபடைடிஸ் பி-க்குக் கத்துக்கிட்ட கைத்தொழில்தான் அங்கயும் உதவுச்சு.

தடுப்பூசி மட்டுமில்ல, இந்தச் சட்டைங்க ஆராய்ச்சிக்குத் தூண்டில் புழு மாதிரி. ஹெபடைடிஸ் பி ஈரல் செல்லுக்குள்ள எந்தக் கதவு வழியா நுழையுதுன்னு பல பத்து வருஷம் யாருக்கும் தெரியல. பெய்ஜிங்ல வென்ஹுய் லீ குழு, வைரஸோட பெரிய மேற்பரப்புப் புரதத்துல ஒரு துண்டை ஆய்வுக்கூடத்துல செஞ்சு, தூண்டில் மாதிரி ஈரல் செல் மேல போட்டாங்க. எது வந்து கவ்வுதுன்னு பார்த்தாங்க. பித்த உப்ப உள்ள இழுக்கிற என்டிசிபி-ங்கிற புரதம் மாட்டுச்சு. 2012-ல வெளியிட்டாங்க. அதே துண்டோட சாயல்ல செஞ்ச மருந்து, அந்தக் கதவையே அடைச்சு வைக்கும். ஹெபடைடிஸ் பி-யோட ஒட்டிக்கிட்டு வர்ற ஹெபடைடிஸ் டி-க்கு 2020-ல ஐரோப்பாவுல அனுமதி குடுத்தாங்க. சாவியோட அச்சை எடுத்துக்கிட்டுப் போய்ப் பூட்டக் கண்டுபிடிச்சிருக்காங்க, அப்புறம் அந்த அச்சாலயே பூட்டையும் அடைச்சிருக்காங்க.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

சரி, அண்ணன்கிட்ட வருவோம். ஒரு வாரம் கழிச்சு அவர ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஈரல் பிரிவு. ஒரு இளம் டாக்டரம்மா. ரிப்போர்ட்டப் பார்த்தாங்க, கண்ணு மஞ்சளான்னு பார்த்தாங்க, வயித்த அமுக்கிப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "சமீபத்துல ஏதாவது ஊசி போட்டீங்களா?"

அண்ணன் யோசிச்சார். "ஊசின்னா... யார்டுல முதலுதவி டீம்ல சேத்தாங்க மேடம். அடிபட்டவங்க ரத்தத்தத் தொடுவீங்கன்னு எல்லாருக்கும் ஒரு ஊசி போட்டாங்க."

"என்ன ஊசி?"

"காமாலை ஊசி."

"எப்போ?"

"சனிக்கிழமை."

"மெடிக்கல் எப்போ?"

"வியாழக்கிழமை."

டாக்டரம்மா பேனாவ வெச்சிட்டு சிரிச்சாங்க. எனக்கு அப்போ புரியல. பஸ்ல வரும்போதுதான் மண்டையில அடிச்சுது.

தடுப்பூசி என்ன? எச்பிஎஸ்ஏஜி. ஈஸ்ட் தைச்ச சட்டை. டெஸ்ட் எதத் தேடுது? எச்பிஎஸ்ஏஜி. சட்டைய. சனிக்கிழமை நாமளே கைல சட்டையக் குத்தி உள்ள அனுப்பிட்டு, வியாழக்கிழமை ரத்தத்துல சட்டை இருக்குன்னு பாம்பு பாம்புன்னு கத்தியிருக்கோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவங்களுக்கு ஒரு டோஸ்ல 20 மைக்ரோகிராம் புரதம். உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம். மொத்தமும் ஒரே நேரத்துல ரத்தத்துல கலந்தா ஒரு மில்லி லிட்டருக்கு 4 நானோகிராம். அப்படி மொத்தமா கலக்காது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கசியும். ஆனா இப்போ இருக்கிற மெஷினுங்க ஒரு நானோகிராமுக்கும் ரொம்பக் கீழ இருந்தாலே பிடிச்சிடும். தடுப்பூசி போட்ட சில நாள்ல எச்பிஎஸ்ஏஜி தற்காலிகமா பாசிட்டிவ் காட்டுறது மருத்துவ இதழ்கள்ல பதிவான விஷயம். பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல மறைஞ்சிடும். அதனாலதான் ஊசி போட்ட கொஞ்ச நாளுக்கு இந்த டெஸ்ட் எடுக்காதீங்க, எடுக்கணும்னா ஊசிக்கு முன்னாடி எடுங்கன்னு சொல்றாங்க.

ஆனா டாக்டரம்மா சிரிச்சதோட விடல. "ஊசியா இருக்கலாம். புதுசா தொத்தின நோயாவும் இருக்கலாம். ஆரம்பத்துல ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்"னாங்க. அதனால ரெண்டு விஷயம் பார்த்தாங்க. ஒண்ணு, வைரஸோட டிஎன்ஏ இருக்கா. ரெண்டு, உள்கருப் புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கா. இந்த ரெண்டாவது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தடுப்பூசியில சட்டை மட்டும்தானே இருக்கு? உள்கரு கிடையாது. அதனால உள்கருவுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தா, அந்த உடம்பு நிஜப் பாம்பப் பார்த்திருக்கு. இல்லன்னா, சட்டைய மட்டும்தான் பார்த்திருக்க வாய்ப்பு.

டிஎன்ஏ இல்ல. அஞ்சு வாரம் கழிச்சு மறுபடியும் எடுத்தாங்க. எச்பிஎஸ்ஏஜி நான்-ரியாக்டிவ். உள்கரு எதிர்ப்புப் பொருளும் நெகட்டிவ்.

அண்ணன் கேஸ் முடிஞ்சுது. வேலை மட்டும் போயிடுச்சு. புது ரிப்போர்ட்டோட ஏஜென்சிக்குப் போனப்ப அந்த இடத்துக்கு வேற ஆள் ஏறிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அவர் இன்னும் காட்டுப்பள்ளியிலதான் வெல்டிங் பண்றார்.

பெரியம்மா ஜெயிச்ச கதை

ரிப்போர்ட்ட வீட்டுல காட்டினேன். பெரியம்மா வாங்கி நெத்தியில ஒத்திக்கிட்டு, "நான் சொல்லல? ஒரு மாசம் கீழாநெல்லி"ன்னாங்க.

சிரிக்காதீங்க. பெரியம்மா பார்வையில பாருங்க. மொதல்ல பாசிட்டிவ். முப்பது நாள் கீழாநெல்லி. அப்புறம் நெகட்டிவ். இதவிட என்ன ஆதாரம் வேணும்?

இத நான் கிண்டலா தேடப் போய்த்தான் அடுத்தது கிடைச்சுது. 1988-ல தி லான்செட் இதழ்ல ஒரு கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்துல எஸ்.பி. தியாகராஜன் குழு. ஹெபடைடிஸ் பி நாள்பட்டு இருக்கிறவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி குடுத்தாங்க. சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைஞ்சுது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். கட்டுரையில கூட்டு ஆசிரியரா இன்னொரு பேர்: பாரூக் பிளம்பர்க். எச்பிஎஸ்ஏஜியக் கண்டுபிடிச்ச அதே நோபல்காரர், எங்க பெரியம்மா அம்மியில அரைக்கிற அதே செடிக்காகக் கையெழுத்து போட்டிருக்கார். எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

ஆனா கதை அங்க முடியல. மத்த நாடுகள்ல அதையே செஞ்சு பார்த்தப்போ அந்த அளவு பலன் திரும்பக் கிடைக்கல. 2011-ல காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வையும் ஒண்ணாப் போட்டு அலசி, போலி மருந்தவிட இது மேல்னு நம்ப ஆதாரம் போதலன்னு சொல்லுச்சு. இதுல யாரும் ஏமாத்தல. ஒரு ஆய்வு சொன்னத இன்னொரு பத்து ஆய்வு சொல்லணும், அவ்வளவுதான்.

பெரியம்மாவோட கீழாநெல்லிக்கும் லான்செட் கட்டுரைக்கும் நடுவுல ஒரே ஒரு வித்தியாசம்தான்: அந்த 23 பேர். மருந்து சாப்பிடாம சும்மா இருந்தவங்க. எங்க வீட்டுல அந்த 23 பேர் இல்ல. அண்ணன் கீழாநெல்லி சாப்பிடாம இருந்திருந்தாலும் அந்தச் சட்டை மறைஞ்சிருக்கும். அத பெரியம்மாகிட்ட சொன்னேன். "சரிடா, அப்போ நீ குடிக்காம இருந்து பாரு"ன்னுட்டாங்க.

நிஜமாவே பாம்பா இருந்திருந்தா?

இதுதான் நான் இந்த எபிசோட் பண்ணக் காரணம். அண்ணனுக்கு வெறும் சட்டை. ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி இந்தியாவுல ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்த வைரஸோட வாழறாங்க. அவங்கள்ல பல பேருக்கும் இப்படித்தான் தெரியவரும்: வேலைக்கான மெடிக்கல், ரத்ததானம், பிரசவத்துக்கு முன்னாடி டெஸ்ட். ஒரு வரி. அன்னிக்கே வீட்டுல தனித் தட்டு.

அண்ணனுக்கு நிஜமாவே இருந்திருந்தாக்கூட அந்தத் தட்டு தேவையே இல்ல. ஒண்ணா சாப்பிட்டா வராது. கட்டிப் பிடிச்சா வராது. டம்ளர்ல வராது. ரத்தம், சுத்தம் பண்ணாத ஊசி, பாதுகாப்பில்லாத உடலுறவு, பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்து குழந்தைக்கு, இதெல்லாம்தான் வழி. ஷேவிங் பிளேடும் பல் துலக்குற பிரஷ்ஷும் தனியா இருந்தா போதும். வீட்டுல மத்தவங்க டெஸ்ட் எடுத்து, இல்லன்னா ஊசி போட்டுக்கணும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற முதல் டோஸ் ரொம்ப முக்கியம். ஏன்னா பச்சக்குழந்தையில தொத்தினா பத்துல ஒன்பது பேருக்கு நாள்பட்டு நின்னுடும். பெரியவங்களுக்குத் தொத்தினா நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்குத் தானா சரியாயிடும்.

நாள்பட்டு நின்னுட்டாலும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாதிரி மாத்திரைங்க வைரஸக் கட்டுக்குள்ள வைக்கும். 2018 ஜூலை 28-ல ஆரம்பிச்ச தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவசம். எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. அத டாக்டர் முடிவு பண்ணுவார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போய்க் காட்டுறத மட்டும் விடக் கூடாது. ஏன்னா கவனிக்காம விட்டா ஈரல் சுருங்கும், ஈரல் புத்துநோய் வரைக்கும் போகும்.

அப்புறம் ரெண்டு வார்த்தைய மட்டும் மாத்திப் படிச்சிடாதீங்க. "எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்"னா சட்டை இருக்கு, டாக்டரப் பாருங்க. "ஆன்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ்"னா சட்டைய அடையாளம் தெரிஞ்ச காவல்காரன் இருக்கான், சந்தோஷப்படுங்க. ரெண்டுலயும் "பாசிட்டிவ்". ஒரு முன்னொட்டு மாறினா அர்த்தமே தலைகீழ். இத அலுவலகத்துல ஒருத்தர் தப்பாப் படிச்சு மூணு நாள் தூங்காம இருந்தத நானே பார்த்தேன்.

கடைசியா ஒரு வேலை. தொண்ணூறுகள்ல பிறந்தவங்களா இருந்தா, வீட்டுல பழைய தடுப்பூசி அட்டைய இன்னிக்குத் தேடுங்க. கிடைக்கலன்னா, முதல்ல எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிஎஸ்ஸும் டெஸ்ட் எடுங்க, அப்புறம் ஊசி. மூணு டோஸ்: இன்னிக்கு, ஒரு மாசத்துல, ஆறாவது மாசத்துல. அந்த வரிசை மாறாம. ஊசியப் போட்டுட்டு அடுத்த வியாழக்கிழமை மெடிக்கலுக்குப் போயிடாதீங்க.

நானும் எடுத்தேன். ரெண்டுமே நெகட்டிவ். அப்படின்னா அம்மா சொன்ன அந்த "ஏதோ" இது இல்ல போல. முதல் டோஸ் போட்டாச்சு, ரெண்டாவது அடுத்த வாரம்.

அண்ணனுக்கும் மூணு டோஸ் முடிஞ்சுது. குழந்தை இப்போ நடக்குது. சிவப்புப் பொட்டு வெச்ச அந்த டம்ளர் இன்னும் வீட்டுலதான் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை போனப்ப பெரியம்மா எனக்கு அதுலதான் மோர் குடுத்தாங்க. கீழாநெல்லி கலக்கலன்னு கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் குடிச்சேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வரி ரிப்போர்ட் எல்லாரையும் ஆட்டி வெச்ச கதை இருந்தா எழுதி அனுப்புங்க, பேர் போடாமப் பேசுவோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.